பழைய ஜீப் வாங்கலாமா? வாசகர் கேள்விகள், ஒரு பட்டறைக்காரரின் பதில்கள்

கேள்வி: லேண்ட் ரோவர் சீரீஸ் 3 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "பாடி முழுக்க அலுமினியம், துருவே பிடிக்காது" என்கிறார் விற்பவர். நம்பலாமா ஐயா?

பாடியைப் பற்றி அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. ஆனால் நீங்கள் வாங்கப்போவது பாடியை மட்டும் இல்லையே.

1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் வெளிவந்தபோது, போர் முடிந்த பிரிட்டனில் எஃகுத் தகடு கிடைப்பது குதிரைக் கொம்பு. அலுமினியம் கிடைத்தது. அதனால் பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் பாடி செய்தார்கள். அந்தப் பழக்கம் சீரீஸ் 3-இலும் தொடர்ந்தது. ஆனால் பாடியைத் தாங்கும் சேஸிஸ் எஃகு. இன்ஜினுக்கும் உங்கள் முழங்காலுக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட்டும் எஃகு. இரண்டும் போயிருந்தால் மேலே பளபளக்கும் அலுமினியத்தால் ஒரு பயனும் இல்லை.

சேஸிஸ், தகடுகளைப் பெட்டி மாதிரி பற்றவைத்துச் செய்தது. உள்ளே போன சேறு எளிதில் வெளியே வராது. அதனால் அரிப்பு உள்ளிருந்து தொடங்கும். வெளியே கறுப்பு பெயின்ட் புதுசாக இருக்கும், உள்ளே தகடு தாள் கனத்துக்கு இளைத்திருக்கும். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சின்னச் சுத்தியலோடு வண்டிக்குக் கீழே படுங்கள். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள் என ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் எஃகு இருக்கிறது. சத்தம் அமுங்கினால் துரு, இல்லையென்றால் துருவை மூடிய பட்டி. ஒட்டுமேல் ஒட்டாகப் பற்றவைத்த தகடுகள் தெரிந்தால் முந்தைய உரிமையாளர் ஒவ்வொரு வாகனத் தகுதிச் சோதனைக்கும் ஒப்பேற்றியிருக்கிறார் என்று அர்த்தம். பிறகு மேலே ஏறி, கால் வைக்கும் குழியில் கிடக்கும் விரிப்பைத் தூக்குங்கள். கதவுத் தூணின் அடி, கண்ணாடிச் சட்டம் உட்காரும் மேல் மூலைகள், இவைதான் பல்க்ஹெட்டில் முதலில் போகும்.

அலுமினியமும் முழுக்கத் தப்பாது. எஃகைத் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் வெள்ளைப் பொடியாக உதிரும். அந்தக் கால்வாசியைத்தான் விற்பவர் சொல்லவில்லை.

சேஸிஸ் போனதாலேயே வண்டியை ஒதுக்க வேண்டாம். துத்தநாகம் பூசிய புதுச் சேஸிஸ் இன்றும் செய்து விற்கிறார்கள். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: "இரண்டாம் உலகப் போரில் ஓடிய அசல் வில்லிஸ் ஜீப்" என்று ஒருவர் காட்டுகிறார். கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் முன்பக்கக் கிரில்லில் உள்ள பிளவுகளை எண்ணுங்கள். போர்க்கால வில்லிஸ் எம்பி, அதே ஜீப்பை ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ இரண்டிலும் தகட்டில் அடித்த கிரில் 9 பிளவு. (ஆரம்பகால வில்லிஸ் வண்டிகளில் மட்டும் கம்பிக் கிரில்.) 1945-இல் பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ 7 பிளவு. அதன் விளக்குகள் பெரியவை, வெளியே துருத்தி நிற்கும், பின்னால் திறக்கும் கதவும் உண்டு.

ஆனால் கிரில்லைக் கழற்றி மாற்றுவது பெரிய வேலையில்லை. குனிந்து சேஸிஸைப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கீழே போகும் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த 'ப' வடிவத்தில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலையில்கூட, ஆங்கில 'எஃப்' எழுத்தைக் குத்தி வைத்தது. பழைய போல்ட்டைத் துடைத்துப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுப்பில்லை.

எண்ணிலும் வித்தியாசம் உண்டு. வில்லிஸின் சேஸிஸ் எண் ஆணியடித்த சின்னத் தகட்டில் இருக்கும். ஃபோர்டில் இடது சட்டத்தின் மேலேயே குத்தியிருக்கும். தகட்டைப் புதிதாகச் செய்துவிடலாம், சட்டத்தில் குத்தியதை மாற்றினால் தழும்பு தெரியும். ஆகவே சரிபார்க்க ஃபோர்டு சுலபம். எதுவானாலும் வண்டியில் இருக்கும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் பொருந்தாவிட்டால் மேற்கொண்டு பேசாதீர்கள்.

வில்லிஸ் சேஸிஸில் ஃபோர்டு பாடி உட்கார்ந்திருந்தால் அதை மோசடி என்று சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு கம்பெனியும் சேர்ந்து போர் முடியும்வரை 6 லட்சத்துக்கு மேல் செய்தன. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். ராணுவப் பட்டறையில் கைக்குக் கிடைத்ததை மாட்டி அனுப்பினார்கள். சிஜே-2ஏ மேல் பச்சை பெயின்ட் அடித்து வெள்ளை நட்சத்திரம் வரைந்து போர் வண்டி விலை சொல்கிறார்களே, அதுதான் மோசடி.

கேள்வி: கிரீஸ் பூசிப் பெட்டியில் அடைத்த புது ஜீப், 50 டாலருக்கு ராணுவம் விற்றதாமே?

அமெரிக்கப் பத்திரிகைகளில் அப்படி விளம்பரங்கள் வந்தது நிஜம். பணம் அனுப்பினால் வந்தது ஜீப் இல்லை, உபரிப் பொருள் ஏலத்தில் கலந்துகொள்வது எப்படி என்று சொல்லும் ஒரு சிறு புத்தகம்.

கேள்வி: பல வருடம் கொட்டகையில் நின்ற டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 வாங்கிவிட்டேன். புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பலாமா?

கூடாது. நின்றுபோன இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம், வால்வு மாட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்டார்ட்டரின் பலத்தில் சுழற்றினால் ரிங் உடையும், புஷ் ராடு வளையும். ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்புங்கள். முரண்டு பிடித்தால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள், நீள்குழாய் மாட்டி இழுக்காதீர்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் அடுத்த வேலை.

அடுத்த வேலை டேங்க். பழைய பெட்ரோல் பிசினாகி இருக்கும், அதை இன்ஜினுக்கு அனுப்பக் கூடாது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் கால ரப்பர் குழாயையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் அரிக்கும். இரண்டையும் புதிதாகப் போடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால், காலி டேங்க்தானே என்று நீங்களே பற்றவைக்க உட்காராதீர்கள். காலி டேங்கில் தங்கும் ஆவிதான் வெடிப்பது.

இன்ஜின் உறுமிய சந்தோஷத்தில் வண்டியை நகர்த்திச் சுவரில் சாத்தியவர்கள் உண்டு. பழைய மாடல்களில் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கும் போச்சு. எனவே ரப்பர் குழாய்கள், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் பார்த்த பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதும் கெட்ட பழக்கம் நம் தொழிலில் உண்டு. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள், முகத்தில் தகுந்த மாஸ்க் இருக்கட்டும்.

கேள்வி: என் கணவர் ஓடிக்கொண்டிருந்த சிஜே-5 ஜீப்பை வாங்கி வந்து, "முழுசாகப் புதுப்பிக்கிறேன்" என்று நட்டு நட்டாகப் பிரித்துவிட்டார். கட்டிலுக்கு அடியில்கூட கியர் பாக்ஸ். இது என்றைக்குச் சேரும் ஐயா?

சகோதரி, விற்பனைக்கு வரும் பழைய ஜீப்புகளில் "பிரித்த நிலையில், எல்லாப் பாகமும் உண்டு" என்ற வகை ஏராளம். எல்லாப் பாகமும் இருந்ததாக நான் பார்த்ததில்லை. ஓடுகிற வண்டியை ஓட்டிப் பார்த்து, எது சத்தம் போடுகிறது, எது கசிகிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பகுதியைத்தான் கழற்றியிருக்க வேண்டும். அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம், இந்நேரம் அவருக்கே தெரிந்திருக்கும்.

இனி நடக்க வேண்டியது: புதிதாக எதையும் கழற்றக் கூடாது, புதிதாக எதையும் வாங்கவும் கூடாது. முதலில் ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, பெயர்ச்சீட்டு கட்டட்டும். பிறகு சேஸிஸ், அச்சு, ஸ்பிரிங், பிரேக், ஸ்டீயரிங். தள்ளினால் உருண்டு, மிதித்தால் நிற்கிற நிலைக்கு வரட்டும். அதன்மேல் இன்ஜினும் கியர் பாக்ஸும். அப்போது உங்கள் கட்டிலடி காலியாகும். பெயின்ட் கடைசி. நிறத்தைப் பற்றி இப்போதே பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள்.

கேள்வி: 1944 வில்லிஸில் நவீன டீசல் இன்ஜின் வைக்க ஆசை. தப்பா?

உங்கள் வண்டி, உங்கள் ஆசை. ஆனால் அதன் கியர் பாக்ஸ், அச்சு, டிரம் பிரேக் எல்லாம் 60 குதிரைத்திறனுக்கு அளந்து செய்தவை. இன்ஜினை மாற்றினால் ஒவ்வொன்றாக மற்றதும் மாறும், கடைசியில் வில்லிஸ் என்று சொல்லக் கிரில் மிஞ்சும். சட்டத்தை அறுக்காமல், திரும்பக் கழற்றி எடுக்கும்படி செய்கிற மாற்றத்துக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். அறுப்பதாக இருந்தால் போர்க்கால வண்டியை விட்டுவிட்டு, பிற்கால சிஜே ஒன்றைத் தேடுங்கள்.

கேள்வி: கியர் பாக்ஸில் ஆயில் குறைகிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

பின்னால் ஒட்டியிருக்கும், முன் பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் அளவு பாருங்கள், அங்கே கூடியிருக்கும். பழைய ஜீப்புகளில் நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் இப்படித்தான். சீலை மாற்றி நிரப்பும்போது டப்பாவில் ஜிஎல்-4 என்ற கியர் ஆயில் தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றில் உள்ள கந்தகச் சேர்மம் கியர் உரசாமல் விழ உதவும் வெண்கல சிங்க்ரோ வளையங்களை அரிக்கும்.

கேள்வி: ராணுவ ஜீப்பின் சக்கரம் நடுவில் நட்டு வரிசையோடு இருக்கிறது. டயர் மாற்ற அந்த நட்டுகளைக் கழற்ற வேண்டுமா?

அது இரண்டு துண்டாகச் சேர்த்த காம்பாட் ரிம். டயருக்குள் இருக்கும் காற்று அந்த இரண்டு துண்டையும் பிரிக்கப் பார்க்கிறது, வெளி வட்டத்து நட்டுகள் பிடித்து நிறுத்துகின்றன. காற்றோடு அவற்றைக் கழற்றினால் பாதி ரிம் முகத்துக்கு வரும். சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்ற உள்வட்ட நட்டுகள் மட்டும். டயரைப் பிரிக்க வேண்டுமானால் வால்வின் ஊசியையே கழற்றிக் கையில் எடுத்து, காற்று முழுக்கப் போனபிறகு வெளிவட்டத்தில் ஸ்பேனர் வையுங்கள். எது உள்வட்டம், எது வெளிவட்டம் என்று சந்தேகம் இருந்தால் தெரிந்தவர் வரும்வரை தொடாதீர்கள்.