லிங்க்கைத் தொட்டாச்சு, இனி என்ன செய்வது? வாட்ஸ்அப் ஏபிகே வைரஸ்: கேள்வி பதில்

ஆர்டிஓ சலான், கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் பட்டியல், வங்கி கேஒய்சி என்று ஏதாவது ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல்கள், லிங்க்குகள் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். சொன்ன இடத்தில் இல்லையென்றால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

சேலம்: சார், மாமா நம்பரிலிருந்து 'ஆர்டிஓ சலான்' என்று ஒரு ஃபைல் வந்தது. அவசரத்தில் தொட்டுவிட்டேன். இன்ஸ்டால் பண்ணவில்லை. போன் போச்சா?

போகவில்லை. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் ஃபைல். அது இறங்குவது ஒரு படி. 'தெரியாத செயலிகளை நிறுவ அனுமதி' கொடுப்பது, நிறுவுவது, திறப்பது, எஸ்எம்எஸ் அனுமதி கொடுப்பது எல்லாம் அதற்கடுத்த படிகள். கடைசி இரண்டில்தான் பணம் போகிறது. நீங்கள் முதல் படியிலேயே நின்றுவிட்டீர்கள்.

சாட்டில் அந்தச் செய்தியை அழியுங்கள். ஃபைல் மேனேஜரில் 'டவுன்லோட்ஸ்', 'வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ்' இரண்டு ஃபோல்டரையும் பார்த்து ஏபிகேயை நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' பக்கத்துக்குப் போய் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எதற்கும் அனுமதி இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எதையும் தொடாமலேயே போனுக்குள் நுழையும் வகையும் உண்டு. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியிலிருந்த ஓட்டை வழியாக பெகாசஸ் உளவு மென்பொருளை இறக்கினார்கள். அதெல்லாம் ஆள் பார்த்து, பெரும் செலவில் செய்கிற வேலை. சலான் கும்பலின் வழி அதுவல்ல. வாட்ஸ்அப்பையும் ஆண்ட்ராய்டையும் புதுப்பித்து வைத்திருந்தால் போதும்.

அபராதம் உண்மையா என்று தெரிய வேண்டுமானால், பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். நடுவில் 'ஜிஓவி' வந்து கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் அது போலி.

திருநெல்வேலி: அண்ணா, அப்பா கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து இன்ஸ்டால் செய்து, கேட்ட எல்லாவற்றுக்கும் 'அலோ' கொடுத்துவிட்டார். இப்போது ஐகானே காணோம். முதலில் என்ன செய்யணும்?

முதலில் வைரஸைத் தேடாதீர்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓடிபி வெளியே போய்க்கொண்டிருக்கும்.

வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் அணைத்து, சிம்மைக் கழற்றுங்கள். அந்த சிம்மை வீட்டிலிருக்கும் பழைய பட்டன் போனில் போடுங்கள். இனி வங்கி எஸ்எம்எஸ் எல்லாம் அங்கே வரும், திருடனுக்குப் போகாது. ஏரோபிளேன் மோடில் மட்டும் போட்டுவைத்தால், மறுபடி இயக்கும்போது தேங்கியிருந்த எஸ்எம்எஸ் மொத்தமும் அதே போனில் வந்து விழும்.

அடுத்து வங்கி. வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ பாருங்கள். கூகுளில் தேடினால் போலி எண் மாட்டும். யுபிஐ, நெட் பேங்கிங், டெபிட் கார்டு மூன்றையும் முடக்கச் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். யுபிஐ என்றால் பரிவர்த்தனை எண் 12 இலக்கம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைப்பதுதான் 1930இன் வேலை. அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மூன்றாவதுதான் சுத்தம் செய்வது. ஐகான் இல்லாததற்குக் காரணம் உண்டு. இவற்றில் பெரும்பாலும் இரண்டு செயலிகள் இருக்கும். நீங்கள் நிறுவியது வெறும் வாகனம். அது 'அப்டேட் தேவை' என்று காட்டி, உள்ளே சுமந்துவந்த இரண்டாவது செயலியை இறக்கும். முகப்பில் தெரியாமல் ஒளிந்துகொண்டு வேலை பார்ப்பது அந்த இரண்டாவதுதான். ஆகவே 'பத்திரிகை' செயலியை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.

கண்டுபிடிக்கச் சுருக்கு வழி, செட்டிங்ஸில் 'பெர்மிஷன் மேனேஜர்' போய் 'எஸ்எம்எஸ்' என்பதைத் தொடுவது. யார் யாருக்கு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி என்ற பட்டியல் வரும். மெசேஜஸ், போன், வங்கி, யுபிஐ செயலிகள் இருப்பது இயல்பு. பெயரே இல்லாமல், அல்லது கூகுள் சேவை போலவோ 'கஸ்டமர் சப்போர்ட்' என்றோ ஏதாவது இருந்தால் அதன் 'ஆப் இன்ஃபோ' பக்கத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். பிளே ஸ்டோரிலிருந்து வந்தது என்றால் அங்கே எழுதியிருக்கும். இல்லையென்றால் பெயரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நீக்குங்கள். புகாருக்கு அது வேண்டும்.

கடைசியாக, போன் செயலியின் அமைப்புகளில் 'கால் ஃபார்வர்டிங்' பாருங்கள். குரல் வழி ஓடிபியைப் பிடிக்க அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவைப்பார்கள். ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். ஏற்கவில்லையென்றால் சேவை நிறுவனத்தை அழைத்து நீக்கச் சொல்லுங்கள்.

ஈரோடு: வெறும் எஸ்எம்எஸ் படித்தால் பணம் எப்படிப் போகும்? யுபிஐ பின் அவனுக்குத் தெரியாதே?

நல்ல கேள்வி. யுபிஐ செயலியை ஒரு போனில் பதியும்போது, அந்த எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். வைரஸுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதி இருந்தால் அதை உங்கள் போனே அனுப்பிவிடும். புதிய பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கங்கள், காலாவதி மாதம், ஓடிபி வேண்டும். சலான் செயலி 'சரிபார்ப்புக்கு 1 ரூபாய் கட்டுங்கள்' என்று கார்டு விவரம் கேட்பது அதற்காகத்தான். அந்த 1 ரூபாயை யாரும் எடுப்பதுகூட இல்லை.

கார்டு விவரம் கொடுத்திருந்தால் பின் எண்ணை மாற்றுவது போதாது, கார்டையே மாற்ற வேண்டும்.

தஞ்சாவூர்: 'அன்இன்ஸ்டால்' மங்கலாக இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போனாலே தானாக மூடிக்கொள்கிறது.

இரண்டுக்கும் காரணம் வேறு. பட்டன் மங்கலாக இருந்தால் அந்தச் செயலி 'டிவைஸ் அட்மின்' உரிமை வாங்கியிருக்கிறது. செட்டிங்ஸ் மூடிக்கொண்டால் அதனிடம் 'அக்சஸிபிலிட்டி' அனுமதி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது. திரையைப் படிக்கவும் பட்டனை அழுத்தவும் அதனால் முடியும்.

சேஃப் மோடில் தொடங்குங்கள். பவர் பட்டனைப் பிடித்து, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை அழுத்தி வைத்தால் சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்கும். சில மாடல்களில் போன் எழும்போது ஒலி குறைக்கும் பட்டனைப் பிடிக்க வேண்டும். இதில் நாம் நிறுவிய செயலி எதுவும் ஓடாது. வாட்ஸ்அப் காணாமல் போனதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். முதலில் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' பட்டியலில் அந்தத் திருட்டுச் செயலியை அணையுங்கள், அடுத்து அக்சஸிபிலிட்டியில் அணையுங்கள், அப்புறம் நீக்குங்கள். வரிசை மாறினால் பட்டன் மங்கலாகவே இருக்கும். 'நோட்டிஃபிகேஷன் அக்சஸ்', 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்', 'டிஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப்' மூன்றையும் கையோடு பார்த்துவிட்டுச் சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கோவை: இதற்கெல்லாம் பதில் ஃபேக்டரி ரீசெட் போட்டுவிட்டால்?

அக்சஸிபிலிட்டி கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். திரையில் என்னென்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. படங்களையும் தொடர்புகளையும் மட்டும் எடுத்துவையுங்கள். 'ஷேர்இட்' போன்ற வழியில் செயலிகளைக் காப்பி எடுத்துத் திரும்பப் போட்டால் வைரஸும் கூடவே வரும். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக இறக்குங்கள். வாட்ஸ்அப் பேக்அப்பை மீட்டால் அந்த ஏபிகே சாட்டில் மறுபடி தெரியலாம். நிறுவாதவரை அது செத்த ஃபைல், அழித்துவிடுங்கள்.

ரீசெட் போன் வரைக்கும்தான். திருடிய கடவுச்சொற்கள் திருடனிடமே இருக்கும். வேறொரு நல்ல கருவியிலிருந்து ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றி, 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் தெரியாதவற்றை வெளியேற்றுங்கள்.

திருச்சி: என் நம்பரிலிருந்து எல்லா குரூப்புக்கும் ஏபிகே போய்க்கொண்டிருக்கிறது. என் வாட்ஸ்அப் எனக்கே திறக்கவில்லை.

வாட்ஸ்அப்பின் 6 இலக்கக் குறியீடும் எஸ்எம்எஸில்தான் வருகிறது. அதைப் படித்து உங்கள் எண்ணை அவர்கள் போனில் பதிந்துவிட்டார்கள். தெரிந்தவர் எண்ணிலிருந்து வருவதால்தான் இது இவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

போனைச் சுத்தம் செய்த பிறகு உங்கள் எண்ணை மறுபடி பதியுங்கள். குறியீட்டைப் போட்ட உடனேயே அவர்கள் வெளியேற்றப்படுவார்கள். அவர்கள் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான பின் எண் வைத்திருந்தால் உங்களிடமும் அதைக் கேட்கும். தெரியாது என்றால் 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 7 நாளும் அவர்களும் உள்ளே இருக்க முடியாது. உள்ளே போனதும் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு, மீட்பு மின்னஞ்சலும் கொடுங்கள். சுத்தம் செய்யாமல் பதிந்தால் புதுக் குறியீட்டையும் அவர்கள் படித்துவிடுவார்கள்.

வேலூர்: நான் எதுவும் இன்ஸ்டால் செய்யவில்லை. 'உங்கள் போட்டோ இங்கே' என்ற லிங்க்கில் நம்பர் கேட்டது, ஒரு கோடு வந்தது, அதை வாட்ஸ்அப்பில் போட்டேன். அவ்வளவுதான்.

அந்த 8 எழுத்துக் குறியீடு 'லிங்க்ட் டிவைஸ்' சேர்ப்பதற்கானது. அவர்களுடைய பிரவுசரை உங்கள் கணக்கோடு நீங்களே இணைத்துவிட்டீர்கள். போனில் வைரஸ் இல்லாததால் எந்த ஸ்கேனும் இதைக் காட்டாது. உங்கள் வாட்ஸ்அப்பும் வழக்கம்போல ஓடும், அதனால் பலருக்கு வாரக்கணக்கில் தெரிவதில்லை. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து, தெரியாத ஒவ்வொன்றையும் 'லாக் அவுட்' செய்யுங்கள்.

சென்னை: ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப். ரசீது என்று ஒரு ஜிப் வந்தது, திறந்ததும் கறுப்புத் திரை மின்னி மறைந்தது.

2025இல் பிரேசிலில் 'சோர்வெபோடெல்' என்ற புழு (தன்னைத்தானே அனுப்பிப் பரவும் வைரஸ்) பரவியது இதே முறையில்தான். ஜிப்புக்குள் இருப்பது ஆவணம் அல்ல, ஷார்ட்கட். அதைத் தொட்டதும் பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவி ஓடி மீதியை இணையத்திலிருந்து இறக்கும். திறந்திருக்கும் வாட்ஸ்அப் வெப் வழியாக உங்கள் தொடர்புகள் எல்லாருக்கும் அதே ஜிப்பை அனுப்பும்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். போனிலிருந்து அந்தக் கணினியை லிங்க்ட் டிவைசஸில் வெளியேற்றுங்கள். ஐடி ஆளிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். இதே நெட்வொர்க்கில் மற்ற கணினிகளும் இருக்கின்றன. சொந்தக் கணினி என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும், சுமார் 15 நிமிடம் ஆகும். முடிந்ததும் 'ஸ்டார்ட்அப்' ஃபோல்டரிலும் டாஸ்க் ஷெட்யூலரிலும் புதிதாக முளைத்தது எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் போனதாகவே வைத்துக்கொண்டு வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

'ஃபைல் எக்ஸ்டென்ஷன் காட்டு' என்று வைத்தாலும் ஷார்ட்கட்டின் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் காட்டாது. 'டைப்' பத்தியில் 'ஷார்ட்கட்' என்று இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

புதுச்சேரி: ஐபோனுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?

ஏபிகே ஓடாது. போலி வங்கிப் பக்கமும் லிங்க்ட் டிவைஸ் மோசடியும் அங்கேயும் அதே மாதிரிதான். செட்டிங்ஸ், ஜெனரல், 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' பகுதியில் நீங்கள் போடாத புரொஃபைல் இருந்தால் நீக்குங்கள்.

நாகர்கோவில்: 'உங்கள் போனில் 13 வைரஸ்' என்று நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது.

வைரஸ் இல்லை. ஏதோ ஒரு பக்கம் 'அலோ' கேட்டபோது கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸ், 'நோட்டிஃபிகேஷன்ஸ்', அந்தத் தளத்தை அணையுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று அது தரும் செயலியை மட்டும் இறக்கிவிடாதீர்கள், உண்மையான வைரஸ் அதுதான்.

கரூர்: வங்கியில் 'உங்கள் கவனக்குறைவு' என்று கைகழுவுகிறார்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் புகார் சொல்லும் வரை அவர் தலையில்தான். புகார் சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, வேறெங்கோ என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே இல்லை. தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கிக்கே. முதல் அழைப்பின் நேரமும் புகார் எண்ணும் அதனால்தான் முக்கியம். எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் போகலாம், கட்டணம் இல்லை.

மதுரை: அம்மா அப்பா போனில் என்ன செய்துவைக்கலாம்? ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் இருப்பதை இயக்குங்கள். பிளே ஸ்டோரில், செயலிகளைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ், நோட்டிஃபிகேஷன், அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும் செயலிகள் வாட்ஸ்அப், பிரவுசர் வழியாக வந்தால் நிறுவுவதையே தடுக்கும் சோதனை முயற்சியை கூகுள் 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு அறிவித்தது. 'பிளே புரொடெக்ட்டை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று திருடர்கள் வழிகாட்டுவது அதனால்தான். சாம்சங் என்றால் 'ஆட்டோ பிளாக்கர்' போட்டுவிடுங்கள். வெளி ஏபிகே ஏறவே ஏறாது. வாட்ஸ்அப்பில் குரூப்பில் சேர்க்கும் உரிமையை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த செயலிக்கு அக்சஸிபிலிட்டி கொடுக்கப் போனால் 'ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்' என்று மறுக்கும். அதைத் திறக்க யாராவது போனில் பேசிக்கொண்டே வழி சொன்னால் அழைப்பைத் துண்டிக்கும்படி சொல்லிவையுங்கள்.

விருதுநகர்: எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அந்த ஏபிகேயைக் குடும்ப குரூப்பில் போட்டேன். சரிதானே?

உடனே 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுங்கள். எச்சரிக்கையைப் படிக்காமல் ஃபைலை மட்டும் தொடுகிறவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். ஸ்கிரீன்ஷாட் போட்டால் போதும். வந்த எண்ணை வாட்ஸ்அப்பில் 'ரிப்போர்ட்' செய்துவிட்டு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடிச் செய்திகளைப் புகார் செய்வதற்கான 'சக்ஷு' பகுதியிலும் பதியுங்கள். தெரிந்தவர் எண் என்றால் வாட்ஸ்அப்பில் எழுதாமல் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் வாட்ஸ்அப்பை இப்போது வேறு யாரோ படித்துக்கொண்டிருக்கலாம்.