வரலாறு படித்தால் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் என் மகள் மருத்துவராக விரும்புகிறாள். ஆனால் முதன்மைப் பாடமாக வரலாற்றைத்தான் எடுப்பேன் என்கிறாள். உயிரியல் படிக்காதவளை யார் சேர்ப்பார்கள் என்று ஊரில் உள்ள உறவினர்கள் கேட்கிறார்கள். அவளைத் தடுக்க வேண்டுமா?

பதில்: தடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ப்ளஸ் ஒன்னில் எடுக்கும் பிரிவே மருத்துவப் படிப்புக்கான வழியைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுவதால் உங்கள் உறவினர்களின் கவலை இயல்பானது. அமெரிக்காவில் முறை வேறு: முதலில் ஒரு பட்டப் படிப்பை முடித்துவிட்டுத்தான் மருத்துவக் கல்லூரியில் சேர்வார்கள். அங்கே ‘ப்ரீமெட்’ என்பது ஒரு பட்டப் பிரிவு அன்று. எந்தப் பட்டம் படிப்பவரும் அதனுடன் சேர்த்து முடிக்க வேண்டிய சில பாடங்களின் தொகுப்பு. மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உயிரியல் துறையினர் என்பது உண்மைதான், ஆனால் அது விதியால் வந்ததன்று. 1989-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற ஹெரால்ட் வார்மஸ், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து, ஹார்வர்டில் அதிலேயே முதுகலை முடித்த பிறகுதான் மருத்துவம் படிக்கப் போனார்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது கால அட்டவணையை. பொது வேதியியல் இரண்டு பருவம் (செமஸ்டர்), அதை முடித்த பின்னரே கரிம வேதியியல் இரண்டு பருவம், அதன் பிறகு உயிர்வேதியியல் ஒரு பருவம் என்று ஐந்து பருவங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. முதலாண்டு இலையுதிர்காலத்திலேயே தொடங்கினால், மூன்றாம் ஆண்டின் முதல் பாதியில் இந்தச் சங்கிலி முடிந்து, அடுத்த சில மாதங்களில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை (MCAT) எழுதி, அந்தக் கோடையில் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு தாமதித்தால் பட்டம் பெற்ற பிறகு ஓராண்டு காத்திருக்க நேரும். அதில் இழிவு ஒன்றுமில்லை, பலர் விரும்பியே அப்படிச் செய்கிறார்கள், ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். உயிரியலும் இயற்பியலும் ஆய்வகத்துடன் தலா ஓராண்டு, பெரும்பாலும் புள்ளியியலும் எழுத்துப் பயிற்சிப் பாடங்களும் இவற்றோடு சேரும். வரலாற்று மாணவர்கள் பலர் மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கப் போவதுண்டு. அந்த ஆசை உங்கள் மகளுக்கு இருந்தால் அது உயிர்வேதியியலோடும் எம்கேட்டோடும் மோதும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பலரும் கவனிக்கத் தவறுவது, அறிவியல் மதிப்பெண். மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறையான ஆம்காஸ் (AMCAS), உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றின் சராசரியைத் தனியே கணக்கிட்டுக் காட்டுகிறது. வரலாறு படிப்பவர் இந்தப் பாடங்களில் 40 கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு) மட்டுமே முடித்திருக்கிறார் என்று கொள்வோம். மற்ற எல்லாவற்றிலும் ‘ஏ’ (4 புள்ளி) வாங்கி, 4 கிரெடிட் கொண்ட ஒரே பாடத்தில் ‘சி’ (2 புள்ளி) வாங்கினால் அவருடைய அறிவியல் சராசரி 3.8 ஆகிவிடும். 80 கிரெடிட் முடித்த உயிரியல் மாணவருக்கு அதே ‘சி’ 3.9-இல் நிற்கும். அறிவியல் பாடங்கள் குறைவு என்பதால் சுமை குறைந்துவிடாது. ஒவ்வொன்றின் எடையும் கூடுகிறது. ஆகவே கரிம வேதியியலையும் இயற்பியலையும் ஒரே பருவத்தில் எடுத்து, அதோடு நீண்ட ஆய்வுக் கட்டுரை கேட்கும் வரலாற்றுக் கருத்தரங்கையும் சேர்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வரலாற்றுப் படிப்பு உறுதியாகக் கைகொடுக்கும் இடமும் ஒன்று உண்டு. எம்கேட்டின் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க வாசிப்புத் திறனைச் சோதிப்பது. இலக்கியம், தத்துவம் போன்ற கலைத் துறைகளையும் சமூக அறிவியலையும் சார்ந்த பத்திகளைப் படித்து 90 நிமிடங்களில் 53 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும், அறிவியல் அறிவு சிறிதும் தேவைப்படாது. கடைசி மூன்று மாதங்களில் மனப்பாடம் செய்து இதில் தேறிவிட முடியாது என்பதால், நான்கு ஆண்டுகள் மூல ஆவணங்களை நுணுகிப் படித்த மாணவிக்கு இது பெரும் பலம்.

கூட்டத்தில் தனித்துத் தெரியலாம் என்ற கணக்கில் மட்டும் வரலாற்றை எடுக்கிறாள் என்றால் வேண்டாம் என்பேன். விருப்பத்தால் எடுக்கிறாள் என்றால், பாடங்களுக்குப் பதிவு செய்யும் முன்பே கல்லூரியின் மருத்துவப் படிப்பு ஆலோசகரைச் சந்திக்கச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதங்களில் இரண்டு அறிவியல் பேராசிரியர்களிடமிருந்து வர வேண்டும் என்று பல மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. நூற்றுக்கணக்கானோர் அமரும் வேதியியல் வகுப்பில் பேராசிரியருக்கு அவளைத் தெரிய வேண்டுமானால், அவர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் முதல் மாதத்திலிருந்தே அவள் போய்ப் பேசிப் பழக வேண்டும்.