கொழும்பில் ஏன் இத்தனை கிறிஸ்தவ சபைகள்?

ஒவ்வொரு ஆட்சியோடும் ஒரு சபை வந்து இறங்கியதுதான் காரணம். போர்த்துக்கேயரோடு கத்தோலிக்கம். ஒல்லாந்தர் அதைத் தடைசெய்து தங்கள் சீர்திருத்த சபையை நிறுவினார்கள். 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அந்தத் தடைக்குள் கத்தோலிக்கத்தைக் காப்பாற்றியவர், 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் இலங்கை வந்த யோசேப் வாஸ் அடிகளார். 2015இல் காலிமுகத்திடலில்தான் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பொருத்தமான மரியாதை அது.

ஆங்கிலேயர் காலத்தில் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் பள்ளிக்கூடங்களில் இறங்கினார்கள்: 1851இல் சென் தோமஸ், 1874இல் வெஸ்லி.

ஆனால் சபைப் பெயர்களை மட்டும் பார்த்தால் கொழும்பு விளங்காது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். பொட்டு வைத்த அம்மாமாரும் மெழுகுதிரி ஏற்றி நேர்த்தி வைப்பார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் சிதைந்த அந்தக் கோவில், அதே ஆண்டு ஜூனில் மீண்டும் திறந்தது.