வண்ணக் காய்களும் கைவைத்தியமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காய், கனி, கீரை, கைவைத்தியம் ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பல வீடுகளுக்கும் பொதுவானவற்றை இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் காமாலை பற்றியும் கைக்குழந்தையின் சளி பற்றியும் வந்தவற்றுக்குச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். அவற்றில் தாமதமோ தவறான மருந்தோ உயிருக்கே ஆபத்தாகக் கூடும்.

கேள்வி: சிவப்புக் காய் இதயத்துக்கு, ஊதா மூளைக்கு, பச்சை ஈரலுக்கு என்று ஒரு படம் கைப்பேசியில் சுற்றி வருகிறது. அதைப் பார்த்து ப்ளூபெர்ரி, ப்ராக்கோலி, டிராகன் பழம் என்று வாங்கத் தொடங்கியதில் மளிகைச் செலவைக் காய்கறிச் செலவு மிஞ்சிவிட்டது. இவையெல்லாம் அவசியந்தானா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இந்த நிறம் இந்த உறுப்புக்கு என்ற பங்கீடு எதுவும் உடலில் கிடையாது. ஆனால், ஒரு காயில் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு அதன் நிறம் நல்ல அடையாளம். பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம், கேரட் ஆகியவற்றின் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் காரணம் பீட்டா கரோட்டினும் அதன் இனத்தைச் சேர்ந்த நிறமிகளும். பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. அந்த வைட்டமின் குறைந்துபோனால் மாலைக்கண் வருகிறது. முருங்கைக்கீரையிலும் இதே நிறமி ஏராளமாக உண்டு, பச்சையம் அடர்த்தியாக இருப்பதால் அந்த மஞ்சள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தக்காளி, தர்பூசணி, சிவப்புக் கொய்யா ஆகியவற்றின் சிவப்பு லைகோபீன் என்ற நிறமியால் வருவது. பீட்ரூட்டின் சிவப்போ பீட்டாலெயின் என்ற முற்றிலும் வேறு வகை. நாவல்பழம், கத்தரிக்காயின் தோல், கறுப்புக் கவுனி அரிசியின் தவிடு ஆகியவற்றுக்கு ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின். நீங்கள் விலை கொடுத்து வாங்கும் ப்ளூபெர்ரியின் நீலமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே, கூடையில் நாவல்பழம் வரும் மாதங்களில் அதை வாங்குங்கள். மற்ற மாதங்களில் கத்தரிக்காயைத் தோல் சீவாமல் சமையுங்கள். ப்ராக்கோலியின் இடத்தை முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் முள்ளங்கியும் தாராளமாக நிரப்பும், ஏனென்றால் அவை எல்லாமே ஒரே தாவரக் குடும்பம்.

எப்படிச் சமைக்கிறோம் என்பதும் இதில் சேரும். கரோட்டினும் லைகோபீனும் கொழுப்பில் கரைபவை என்பதால், பச்சைக் கேரட்டை வெறுமனே கடிப்பதைவிட, எண்ணெயில் தாளித்துத் தேங்காய்ப்பூ சேர்த்த பொரியலிலிருந்து உடலுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. சமைக்காத தக்காளியைவிட, எண்ணெயில் வதக்கிய தக்காளித் தொக்கிலிருந்து லைகோபீன் எளிதில் உறிஞ்சப்படுகிறது. நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி வெப்பத்தில் அழிவது, எனவே அவற்றைப் பச்சையாகவே உண்ணுங்கள். கீரைச் சாதத்தோடு நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது, சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடுகிறது. வெள்ளையாக இருக்கிறதென்று பூண்டையும் வாழைத்தண்டையும் ஒதுக்கிவிட வேண்டாம், நிறமில்லாத சத்துகளும் உண்டு.

அளவில்தான் நம்மில் பலருக்கும் குறை இருக்கிறது. உருளை போன்ற மாவுக் கிழங்குகளைச் சேர்க்காமல் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை இன்னும் சற்று அதிகம்: கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். (இந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராயும் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது என்பதை இங்கே நினைவுகூர விரும்புகிறேன்.) சாதத்தைக் குவித்து, ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல் வைத்தால் இந்த அளவு வராது. டிராகன் பழத்துக்குச் செலவிடும் பணத்தில் இன்னும் இரண்டு கட்டுக் கீரையும் ஒரு கீற்றுப் பரங்கியும் வாங்குவதே உங்கள் குடும்பத்துக்கு நல்லது.

கேள்வி: என் 3 வயது மகளுக்கு உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகிவிட்டன. தினமும் கேரட் சாறும் பப்பாளியும் விரும்பிச் சாப்பிடுகிறாள். பயமாக இருக்கிறது. (வாசகி, ஓசூர்)

பதில்: கரோட்டின் தோலில் படிவதால் இப்படி ஆவதுண்டு. பகல் வெளிச்சத்தில் குழந்தையின் வெண்விழியைப் பாருங்கள். விழி வெண்மையாகவும், சிறுநீர் வழக்கமான நிறத்திலும் இருந்து, குழந்தை சுறுசுறுப்பாக விளையாடினால், அது கேரட்டின் நிறமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அளவைக் குறைத்தால் சில வாரங்களில் மெல்ல மறையும். அப்படி மறையாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வெண்விழியும் மஞ்சளாக இருந்தால் அன்றே காட்ட வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. முன்பு என் தம்பிக்கு வந்தபோது, பக்கத்து ஊரில் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார்கள், சில வாரங்களில் குணமாகிவிட்டது. இப்போதும் அங்கேயே போகலாம் என்கிறார் மாமனார். மருத்துவமனைக்குப் போக வேண்டுமா? (வாசகி, கடலூர்)

பதில்: முதலில் மருத்துவமனைக்குப் போங்கள், அம்மா. இந்தக் கடிதத்துக்கு இதழ் வெளிவரும் முன்பே தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன்.

காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் மிகுந்துவிட்டதைக் காட்டும் அறிகுறி அது. தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெப்படைடிஸ் ஏ, ஈ ஆகிய வைரஸ்களால் வந்திருந்தால், பெரும்பாலோருக்கு ஓய்விலேயே சில வாரங்களில் தானாகக் குணமாகிறது. உங்கள் தம்பிக்கும் இப்படி நடந்திருக்கக் கூடும்; அந்த நாட்களில் எந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் குணமான புகழ் அந்த மருந்துக்கே போய்ச் சேரும். ஆனால் ஹெப்படைடிஸ் பி, பித்தநாளத்தை அடைக்கும் கல், மது, எலிக்காய்ச்சல், சில மாத்திரைகள், ஏன், புற்றுநோய்கூடக் காமாலையாகத் தலைகாட்டலாம். இவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய யாராலும் முடியாது. ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும்தான் வழி.

கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. ஹெப்படைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வு ஒன்று 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியாகி, உலகம் முழுவதும் நம்பிக்கையை எழுப்பியது. பின்னர் மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அது நம் ஊர் மூலிகை என்பதால் எனக்கும் அதில் வருத்தந்தான். ஆனாலும் அந்த முடிவை மறைத்து உங்களுக்குப் பதில் எழுத முடியாது. சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால், பரிசோதனை முடிவுகளோடு அரசு மருத்துவமனையிலுள்ள சித்தப் பிரிவில், பட்டம் பெற்ற மருத்துவரைப் பாருங்கள். கையில் சூடு போடுவது, மூக்கில் சாறு விடுவது போன்றவற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

குழப்பமான பேச்சு, பகலில் தூங்கி வழிதல், ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரத்தை வீணாக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்கக் கூடாது, ஹெப்படைடிஸ் ஈ கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மிகக் கொடியது. உப்பையும் எண்ணெயையும் அறவே நிறுத்தி நோயாளியைப் பட்டினி போடுவதும் தேவையற்றது. அவருக்குப் பிடித்த எளிய உணவைக் கொடுங்கள், மதுவை மட்டும் முற்றிலும் நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு 62 வயது. மூட்டுவலிக்காக என் மகன் வெளிநாட்டிலிருந்து குர்குமின் மாத்திரை அனுப்பியிருக்கிறான். மிளகுச் சத்தும் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நாம் தினமும் சாப்பிடும் மஞ்சள்தானே, சாப்பிடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: மஞ்சள் சந்தைக்குப் பேர்போன ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. குழம்பில் போடும் மஞ்சளும் அந்த மாத்திரையும் ஒன்றல்ல. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஏறத்தாழ 17 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். அவ்வளவு மஞ்சளை எந்தச் சமையலிலும் ஒருவர் ஒரே வேளையில் உண்பதில்லை. அடுத்ததாக, குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படாத பொருள். மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கானது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் 1998 ஆய்வு காட்டியது. மாத்திரையில் மிளகுச் சத்து இருப்பது இதற்காகத்தான். அதே பைப்பரின், உடல் சில மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வேகத்தையும் தடுக்கிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ப்ரோப்ரனலால் அவற்றில் ஒன்று. ஆகவே உங்கள் மாத்திரைச் சீட்டையும் இந்தப் புட்டியையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டாமல் ஒரு மாத்திரைகூட விழுங்க வேண்டாம்.

முழங்கால் தேய்மான வலியை இது ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் சில உண்டு. ஆனால் இத்தகைய மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததாக, 2019-இல் இத்தாலியிலும் பின்னர் வேறு சில நாடுகளிலும் பதிவாகியிருக்கிறது. உணவில் நல்லதாக இருக்கும் பொருள், பிரித்தெடுத்து மாத்திரையாகும்போது அப்படியே இருக்கும் என்று நம்பிவிட முடியாது. பீட்டா கரோட்டின் மாத்திரையைப் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் பின்லாந்தில் சோதித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் அது கூடியிருந்தது, 1994-இல் அந்த முடிவு வெளியானது. கேரட் தின்றவர்களுக்கு அப்படி நேர்ந்ததில்லை.

சமையலுக்கு நல்ல விரலி மஞ்சளாகப் பார்த்து வாங்கி, வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் ஈயக் குரோமேட் கலந்திருக்கக் கூடும், அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.

கேள்வி: கீரையைக் கடைந்தால் பச்சை மாறிப் பழுப்பாகிவிடுகிறது. ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போடலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வேண்டாம். சோடா பச்சையைக் காப்பாற்றும், வைட்டமின் சி-யையும் பி வகைச் சத்துகள் சிலவற்றையும் அழித்துவிடும். கீரை வேகும்போது வெளிப்படும் அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை நீக்குவதால்தான் நிறம் மங்குகிறது. மூடாமல், குறைந்த நேரம் வேக வையுங்கள். புளி சேர்ப்பதாக இருந்தால் கடைசியில் சேருங்கள்.

கேள்வி: என் 7 மாதக் குழந்தைக்குச் சளி. கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கவும், வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவவும், கற்பூரம் காய்ச்சிய எண்ணெயை மார்பில் தேய்க்கவும் அத்தை சொல்கிறார். மறுத்தால் வருத்தப்படுவார். (வாசகி, மன்னார்குடி)

பதில்: உங்கள் அத்தை அன்பினால் சொல்கிறார், அந்தக் கை வளர்த்த பிள்ளைதான் உங்கள் கணவர். இருந்தாலும் மூன்றையும் தவிர்க்க வேண்டும் என்பதை அவரிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் விதைத்துகள்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கலாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சிறிதளவே வலிப்பை வரவழைக்கும், குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் அது உடலுக்குள் போகும். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுத்தன்மையுள்ள பொருள் இருக்கிறது. கற்பூரவல்லியைத் தனியாகக் கொடுக்கலாமா என்றால், இந்த வயதுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று யாரும் அளந்து சொன்னதில்லை என்பதால், அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். மூச்சு நிமிடத்துக்கு 50-ஐத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்த பிறகு, இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் கொடுப்பதில் தவறில்லை. அது இருமலைத் தணிக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அப்போது அத்தையின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இதய வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். இனி கீரையே கூடாது என்கிறார்கள். முருங்கைக்கீரை இல்லாமல் எனக்குச் சாப்பாடே இறங்காது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கீரையை விட வேண்டியதில்லை. கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் உங்கள் உணவில் வழக்கமாக எவ்வளவு கீரை இருக்கிறதோ அதற்கேற்பத்தான் ரத்தப் பரிசோதனை செய்து மருந்தின் அளவை நிர்ணயிக்கிறார்கள். அளவு திடீரென மாறுவதால்தான் சிக்கல் வருகிறது. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் அறவே இல்லை என்று இருந்தால் ரத்தம் உறையவும் கசியவும் வாய்ப்பாகிவிடும். வாரத்துக்கு இத்தனை முறை, ஒரு முறைக்கு இத்தனை கரண்டி என்று ஒரே சீராக வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கை அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். மஞ்சள் மாத்திரை, பூண்டு மாத்திரை போன்றவற்றை அவரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.