மீட்புத் துறைகள் பழைய பேரிடர்களிலிருந்து உண்மையில் பாடம் கற்கின்றனவா?

அறிக்கை எழுதி அலமாரியில் வைப்பதோடு சரியா, இல்லை ஏதாவது மாறுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறியதற்கு நல்ல உதாரணம் ஒடிசா.

1999 அக்டோபர் 29 அன்று கரையைக் கடந்த சூப்பர் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை வந்திருந்தது, ஆனால் ஒதுங்க உறுதியான கட்டடங்கள் போதவில்லை. விழுந்த மரங்கள் சாலையை அடைத்ததால் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் உதவி போகவில்லை.

அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். பேரிடர் மேலாண்மைக்குத் தனி அமைப்பு அந்த ஆண்டே உருவானது. 2001இல் மர அறுவை இயந்திரங்களோடு தனி மீட்புப் படை வந்தது. கடலோரத்தில் தூண்கள்மேல் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன; சாதாரண நாளில் பல இடங்களில் அதுவே பள்ளிக்கூடம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்: தினமும் புழங்கும் கட்டடம் பூட்டிக்கிடந்து பாழாகாது, வழியும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அப்புறம், ஆண்டுதோறும் ஒத்திகை.

2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

ஆனாலும் 2019 ஃபானி புயலில் மின்கம்பங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. புரி பகுதியில் பல நாள் இருட்டு. அது அடுத்த பாடம்.