வாடகையில் தசமபாகம்

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அம்மா முன்பே போய்விட்டார். பட்டா மாற்றத்துக்கு என்று சொல்லி, கணவரை இழந்த என் தங்கையிடம், அப்பா வீட்டில் அவள் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். 6 வருடம் ஆகிறது. கூட்டங்களில் அழுது ஜெபிக்கிறேன், உபவாசம் இருக்கிறேன். அந்த வீட்டு வாடகையில்கூடத் தவறாமல் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, சபைக்குக் கொடுக்கிறேன். ஆனாலும் சமாதானம் இல்லை. ஆண்டவர் மன்னித்துவிட்டாரா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: சமாதானம் எப்படி வரும்? வாடகையில்கூடத் தசமபாகம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்பதுதான் கிறிஸ்தவர்களுக்கான 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். அப்படியென்றால் காணிக்கைக் கவரில் நீங்கள் போடுவதில் பாதி தங்கையின் பணம். அதன்மேல் உங்கள் பெயரை எழுதிக் கடவுளிடம் நீட்டுகிறீர்கள். கூட்டத்தில் வருகிற அழுகை, ஒன்றாம் தேதி வாடகையை வாங்கும்போது வருகிறதா?

சவுல் ராஜாவும் சாமுவேல் தீர்க்கதரிசியிடம் பாவம் செய்தேன் என்றான். அதே மூச்சில், மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் கேட்டான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்கூட அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போனான். நீங்கள் அதையும் செய்யவில்லை! வரி வசூலித்த சகேயு அழுததாக லூக்கா தன் சுவிசேஷத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். அதைக் கேட்டுத்தான் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்றார் இயேசு. மன்னிப்பைப் பணம் கொடுத்து வாங்கச் சொல்லவில்லை. மனந்திரும்பியவனுக்குக் கூடப்பிறந்தவள் பங்கு கையில் சுடும்.

அப்பா போனபின் அந்த இடத்தில் நிற்கவேண்டியவன் அண்ணன். அவள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது, நீட்டியது அண்ணன் கை என்பதால்தானே?

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அப்புறம் பாதி வீட்டைத் தங்கை பேருக்குச் செட்டில்மென்ட் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். 6 வருட வாடகையில் பாதியைக் கணக்குப் போட்டு, பைபிளில் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் சொல்கிறபடி ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள். அவள் வீட்டுக்குப் போனதும் ஜெபம் பண்ணலாமா என்று ஆரம்பிக்காதீர்கள். பட்டாவுக்கு என்று பொய் சொன்னேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் கத்தலாம், கதவைச் சாத்தலாம்; அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. எதுவானாலும், இனி வாடகையில் பாதியை அவளிடமே நேரில் கொடுக்கும்படி குடியிருப்பவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.