பிரான்ஸ் கிராமப்புறத்தில் குடும்பத்தோடு ஒரு வாரம் சுற்ற எந்த ஊரில் தங்கலாம்?

தென்மேற்கு பிரான்ஸில் டோர்டோன் ஆற்றுப் பக்கம் போங்கள், அங்கே சார்லா என்கிற பழைய சிறு நகரத்தில் தங்குங்கள். இப்படிச் சொல்ல நான் ஒரு முறை சூடுபட வேண்டியிருந்தது.

முதல் தடவை போனபோது படத்தில் பார்த்து மயங்கி, வயல் நடுவே ஒரு கல்வீட்டை வாரத்துக்கு எடுத்தோம். வீடு அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்தது ஞாயிறு மாலை, பக்கத்தில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை, காரில் மிச்சமிருந்த சிப்ஸும் ஆப்பிளும்தான் அன்றைக்கு இரவுச் சாப்பாடு. மறுநாள் திங்கள், அன்றும் பாதிக் கடைகள் மூடல். ரொட்டி வாங்கவே தினமும் கார் எடுத்தோம். பகலெல்லாம் வளைந்து வளைந்து ஓட்டிவிட்டு, இரவு காப்பி குடிக்கவும் மறுபடி ஓட்ட வேண்டும் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

அதனால் பகலில் என்ன பார்ப்பது என்பதை அப்புறம் யோசிக்கலாம். சாயங்காலம் திரும்பி வந்து காரை நிறுத்திவிட்டு நடந்தே சாப்பிடப் போக முடியுமா என்று முதலில் பாருங்கள். சார்லாவில் முடியும். பழைய நகரம் முழுக்க மஞ்சள் கல் கட்டடங்கள், இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவே தனி அழகு. பழைய நகரப் பகுதிகளைக் காப்பாற்ற 1962இல் வந்த மால்ரோ சட்டத்தின் கீழ் முதலில் புதுப்பித்த ஊர்களில் இதுவும் ஒன்று. புதனும் சனியும் காலையில் சந்தை கூடும். வால்நட், ஆட்டுப்பால் சீஸ், ஸ்ட்ராபெரி எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை மட்டும் காரோடு ஊருக்குள் நுழையப் பார்க்காதீர்கள்.

பெய்னாக் கோட்டை, ஆற்றோரப் பாறையடியில் இருக்கிற லா ரோக் கஜாக் கிராமம், மலைமேல் இருக்கிற டோம் என்கிற ஊர், எல்லாமே சார்லாவிலிருந்து காரில் அரைமணி நேரத்துக்குள். ஆதிமனிதர்கள் வரைந்த ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகை இருக்கும் மோன்டின்யாக் சுமார் 25 கிலோமீட்டர். உள்ளே போன கூட்டத்தின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெட ஆரம்பித்ததால் உண்மைக் குகையை 1963இலேயே மூடிவிட்டார்கள். நீங்கள் பார்க்கப்போவது 2016இல் திறந்த நகல்தான், இருந்தாலும் அசந்துபோவீர்கள். செங்குத்துப் பாறையை ஒட்டிக் கட்டிய யாத்திரைத் தலமான ரொக்கமதூருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

கார் ஓட்ட மாட்டீர்கள் என்றால் என் பதில் மாறும். போர்தோ நகரத்திலிருந்து சார்லாவுக்கு ரயில் உண்டு, ஆனால் வந்து இறங்கிய பிறகு கோட்டைகளுக்குப் போகத்தான் திண்டாட்டம். அப்படியானால் லெ எய்ஸி பரவாயில்லை, சின்ன ஊர், ரயில் நிலையம் இருக்கிறது, உண்மையான பழங்கால ஓவியங்களை இன்னும் காட்டுகிற ஃபோன் தெ கோம் குகைக்கு நடந்தே போய்விடலாம். டிக்கெட் மட்டும் குறைவு, முன்பே எடுத்துவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும். ஜூனிலோ செப்டம்பரிலோ போனால் கூட்டமும் குறைவு. ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் சீக்கிரமே சொல்லிவையுங்கள், அங்கே கியர் வண்டிகளும் நிறைய. மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள், இரண்டு மணிக்குப் போனால் பல இடங்களில் சமையலறையையே மூடியிருப்பார்கள்.

சைவம் என்றால் இன்னொன்று: சார்லா உருளைக்கிழங்கு என்று மெனுவில் பார்த்து ஆசையாகச் சொல்லிவிடாதீர்கள், அதை வறுப்பது வாத்துக் கொழுப்பில்.